சொல்லில் அடங்காத அறிவு: அமைப்பொழுங்கைக் கற்றலில் உள்ளுணர்வும் நனவறிவும் – ஓர் ஆய்வு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஐந்து வயதுக் குழந்தை 'மரத்தைப் பார்' என்று சொல்லும். 'மரமைப் பார்' என்று சொல்லாது. மகர ஈற்றுப் பெயர் வேற்றுமை உருபை ஏற்கும்போது 'அத்து' என்னும் சாரியை இடையே தோன்றும் என்பதை அக்குழந்தைக்கு எவரும் கற்பித்திலர். எனினும், முன்பின் கேட்டிராத ஒரு மகர ஈற்றுச் சொல்லைக் கொடுத்தாலும் அது அவ்விதியைத் தவறாமல் பின்பற்றும். ஏன் அவ்வாறு சொல்கிறாய் என்று வினவினால், அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பதற்கு மேல் அதனிடம் விடை இராது. விதி அக்குழந்தையிடம் உள்ளது. விதியைப் பற்றிய அறிவு இல்லை.

இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான உறவு யாது? ஓர் ஒழுங்கைத் திரும்பத் திரும்பக் காணும் ஒருவரிடத்து முதலில் தோன்றுவது 'இது சரி' என்னும் உள்ளுணர்வா, 'இன்ன காரணத்தால் சரி' என்னும் நனவறிவா? முன்னது பின்னதாக மாறுமா? இவ்வினாக்களை ஆய்வுக்கூடத்தில் வைத்து ஆராயும் முயற்சி நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. அவ்வரலாற்றின் முதன்மையான கட்டங்களை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வரலாற்றை நெடுகிலும் நடத்திச் சென்றது ஒரே சிக்கல் என்பது நம் கருத்து. ஒருவர் எதை அறிந்திருக்கிறார் என்பதை அவரிடம் எவ்வாறு கேட்டறிவது என்பதே அச்சிக்கல். கேட்கும் முறை மாறிய ஒவ்வொரு முறையும் 'அறியாமை' எனப்பட்டதன் எல்லையும் மாறியிருக்கிறது.

தொடக்க முயற்சிகள்

அமெரிக்க மெய்யியலாளர் சார்ல்ஸ் பியர்ஸும் அவர்தம் மாணவர் ஜோசப் ஜாஸ்ட்ரோவும் நிகழ்த்திய சோதனையை இத்துறையின் முன்னோடியாகக் கொள்ளலாம். 1884ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தில் அவர்கள் அதனை முன்வைத்தனர். மிக நுண்ணிய வேறுபாடுடைய இரு அழுத்தங்களுள் எது மிகுதி என்று கூறவேண்டும். கூறிய விடையில் தமக்குள்ள உறுதிப்பாட்டைச் சுழியம் முதல் மூன்று வரையுள்ள எண்ணால் குறிக்கவும் வேண்டும். உறுதி சிறிதும் இல்லை என்று சுழியம் இட்டபோதும், விடைகள் ஏறத்தாழ ஐந்தில் மூன்று முறை சரியாக அமைந்தன. வெறும் ஊகமாயின் இரண்டில் ஒன்றுதான் சரியாக வேண்டும். தமக்குத் தெரியவில்லை என்று ஒருவர் மெய்யாகவே கருதும் இடத்திலும் அவரிடம் ஏதோ ஓர் அறிவு தொழிற்படுகிறது என்பதை இச்சோதனை காட்டிற்று. விடையையும் விடையின் மீதுள்ள உறுதியையும் தனித்தனியே அளக்கும் இம்முறை பின்னர் நெடுங்காலம் கழித்தே மீண்டும் முதன்மை பெற்றது.

பியர்ஸின் சோதனை புலனுணர்வு பற்றியது, கற்றல் பற்றியதன்று. கற்றலை நோக்கி இவ்வினாவைத் திருப்பியவர்களுள் கிளார்க் ஹல் குறிப்பிடத்தக்கவர். 1920இல் வெளிவந்த அவரது ஆய்வில் சீன எழுத்துகள் பயன்படுத்தப்பட்டன. ஒரே அடிப்படைக் கூறு பொதிந்த எழுத்துகள் யாவற்றிற்கும் பொருளற்ற ஒரே பெயர் இடப்பட்டது. சீனம் அறியாத பங்கேற்பாளர்கள் அப்பெயர்களைப் பயின்றபின், புதிய எழுத்துகளைக் கண்டபோதும் அவற்றின் பெயரைச் சரியாகக் கூறினர். ஆயினும் அவ்வெழுத்துகளுக்குப் பொதுவான கூறு எது என்பதை விளக்க இயலாதவர்களும் அவர்களுள் இருந்தனர். அக்காலத்தில் வலுப்பெற்று வந்த நடத்தையியம் நனவு பற்றிய வினாக்களைப் புறத்தே நிறுத்தியமையால், இக்கண்டுபிடிப்பு உடனே ஓர் ஆய்வு மரபாக வளரவில்லை.

ரீபரும் செயற்கை இலக்கணமும்

1957இல் நோம் சோம்ஸ்கியின் 'தொடரியல் அமைப்புகள்' வெளிவந்தது. அடுத்த ஆண்டே சோம்ஸ்கியும் ஜார்ஜ் மில்லரும் இணைந்து வரம்புநிலை மொழிகள் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். ஒரு நிலையிலிருந்து எந்நிலைக்குச் செல்லலாம் என்பதை மட்டும் வரையறுக்கும் எளிய இலக்கணமே வரம்புநிலை இலக்கணம். வெண்பாவின் தளை விதியை அறிந்தோர்க்கு இது புதிதன்று. மாச்சீரை அடுத்து நிரையசையும், விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேரசையும் வரவேண்டும் என்னும்போது, அடுத்து வருவது இன்னது என்பதை முன்னின்ற சீரின் ஈறே முடிவு செய்கிறது. மில்லர் இத்தகைய விதிகளால் எழுத்துச் சரங்களை ஆக்கி, அவை ஒழுங்கற்ற சரங்களைவிட எளிதில் நினைவில் பதிகின்றன என்று 1958இல் காட்டினார்.

இக்கருவியைக் கற்றல் ஆய்வுக்கு முழுமையாகப் பயன்படுத்தியவர் ஆர்தர் ரீபர். பிரௌன் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வேடாகத் தொடங்கிய அவரது பணி 1967இல் கட்டுரையாக வெளிவந்தது. ஐந்து உரோமன் எழுத்துகளைக் கொண்டு ஆக்கப்பட்ட 20 சரங்களைப் பங்கேற்பாளர்கள் மனனம் செய்தனர். அஃது ஒரு நினைவாற்றல் சோதனை என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. மனனம் முடிந்த பின்னரே, அச்சரங்கள் சில விதிகளுக்கு உட்பட்டவை என்னும் செய்தி தெரிவிக்கப்பட்டது. பின்பு புதிய சரங்களைக் காட்டி, விதிக்கு உட்பட்டவை எவை, உட்படாதவை எவை எனப் பிரிக்குமாறு கேட்டனர். ஏறத்தாழ 79 விழுக்காட்டு விடைகள் சரியாக இருந்தன. ஆனால் விதிகளைக் கூறுமாறு கேட்டபோது அவர்களால் தெளிவாகக் கூற இயலவில்லை. இதற்கு ரீபர் இட்ட பெயரை நாம் 'மறைநிலைக் கற்றல்' எனத் தமிழில் வழங்கலாம்.

1976இல் அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதனினும் வியப்புக்குரியது. விதியைத் தேடுமாறு முன்னரே அறிவுறுத்தப்பட்டவர்கள், மனனம் மட்டும் செய்தவர்களைவிடத் தாழ்ந்த நிலையையே எய்தினர். சிக்கலான ஓர் ஒழுங்கை வலிந்து தேடும் முயற்சி, அவ்வொழுங்கு தானே படிவதற்குத் தடையாகலாம் என்று ரீபர் கருதினார். அவரைப் பொறுத்தவரை உள்மனம் கற்றது இலக்கணத்தின் நுண்பொதுமை வடிவத்தையே ஆகும்.

ஐயங்களும் மறுப்புகளும்

ரீபரின் முடிவுக்கு வலுவான மறுப்பு 1984இல் எழுந்தது. விதியைச் சொல் என்று கேட்பது மிகக் கடினமான வினா என்று டான் டுலேனியும் அவர்தம் உடன் ஆய்வாளர்களும் வாதிட்டனர். விதியைச் சொல்லச் சொல்வதற்கு மாறாக, ஒரு சரத்தின் எப்பகுதி அதனைச் சரியாக்குகிறது, எப்பகுதி பிழையாக்குகிறது என்று அடிக்கோடிடச் செய்தனர். அவ்வடிக்கோடுகளிலிருந்து பெறப்பட்ட சிறுசிறு விதிகளே பங்கேற்பாளர்களின் விடைகளை விளக்கப் போதுமானவையாக இருந்தன. முழு இலக்கணம் அவர்களிடம் இல்லை. குறைபட்ட, ஆயினும் நனவுக்கு எட்டிய, விதித் துணுக்குகள் இருந்தன என்பது அவர்தம் முடிவு. 1990இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பியர் பெருஷேயும் ஷான்டால் பக்தோவும் மேலும் ஒரு படி சென்றனர். எழுத்திணைகளை மட்டும் பயின்றவர்களும் முழுச் சரங்களைப் பயின்றவர்களும் ஏறத்தாழ ஒத்த திறனையே காட்டினர். எனவே கற்கப்பட்டது நுண்பொதுமை இலக்கணமன்று, எந்த எழுத்தை எந்த எழுத்து தொடரும் என்னும் இணையறிவே என்று அவர்கள் கருதினர்.

இதற்கிடையே, மறைநிலைக் கற்றலுக்கு ஆதரவான சான்றுகள் வேறு திசைகளிலிருந்து வந்தன. 1984இல் ஆக்ஸ்போர்டில் டையான் பேரியும் டொனால்ட் பிராட்பென்டும் கணினியில் கற்பனைச் சர்க்கரை ஆலை ஒன்றை நடத்தச் செய்தனர். தொழிலாளர் எண்ணிக்கையை மாற்றிக் குறிப்பிட்ட உற்பத்தியை எட்டவேண்டும். பயிற்சி பெற்றவர்களின் செயல்திறன் உயர்ந்தது. ஆனால் ஆலையின் இயக்கம் பற்றிய வினாக்களுக்கு விடையளிக்கும் திறன் உயரவில்லை. மாறாக, சொல்வழி விளக்கம் பெற்றவர்கள் வினாக்களுக்கு நன்கு விடையளித்தனர். அவர்களின் ஆலை நிர்வாகம் மேம்படவில்லை. செய்யத் தெரிதலும் சொல்லத் தெரிதலும் வெவ்வேறு வழிகளில் வளர்கின்றன என்பதை இது இருபுறமும் காட்டிற்று.

1987இல் மேரி ஜோ நிசெனும் பீட்டர் புல்லெமரும் வரிசைக் கற்றலை ஆராய்ந்தனர். திரையின் நான்கு இடங்களுள் ஒன்றில் ஒளி தோன்றும்போது அதற்குரிய விசையை அழுத்தவேண்டும். பத்து இடங்கள் கொண்ட வரிசை ஒன்றே திரும்பத் திரும்ப வந்தது என்பது பங்கேற்பாளர்களுக்குக் கூறப்படவில்லை. அவர்களின் வேகம் சீராக உயர்ந்தது. கொர்சகோவ் நோயால் புதிய நினைவுகளைத் தக்கவைக்கும் ஆற்றலை இழந்தவர்களிடமும், வரிசை ஒன்று இருப்பதை அவர்கள் உணராத நிலையிலும், இம்முன்னேற்றம் காணப்பட்டது. 1992இல் நோல்டன், ராமுஸ், ஸ்குவயர் ஆகியோர் ரீபரின் சோதனையையே மறதி நோயாளரிடம் நிகழ்த்தினர். சரங்களை வகைப்படுத்துவதில் நோயாளர்கள் ஏனையோர்க்கு ஈடாக விளங்கினர். முன்பு கண்ட சரங்களை அடையாளம் காண்பதில் மட்டும் பின்தங்கினர். ஒழுங்கைக் கற்கும் ஆற்றலும் நிகழ்வை நினைவுகூரும் ஆற்றலும் மூளையில் வெவ்வேறு அடிப்படை உடையன என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

இரு தரப்பையும் எடைபோட்ட டேவிட் ஷாங்க்ஸும் மார்க் செயின்ட் ஜானும் 1994இல் இரண்டு அளவுகோல்களை வகுத்தனர். முதலாவதாக, நனவறிவை அளக்கும் வினா, செயலுக்கு உண்மையில் உதவிய அறிவைப் பற்றியதாக இருக்கவேண்டும். இரண்டாவதாக, அவ்வினா நனவறிவு முழுவதையும் வெளிக்கொணரும் அளவுக்கு நுட்பமாக இருக்கவேண்டும். இவற்றை நிறைவு செய்யாத ஆய்வில் ஒருவர் விடை கூறவில்லை என்பது, அவர் அறியவில்லை என்பதற்குச் சான்றாகாது. இத்துறையின் பிற்கால ஆய்வுகள் யாவும் இவ்விரு நிபந்தனைகளுக்கும் விடைகூறும் கடப்பாட்டை ஏற்றன.

அயோவாச் சீட்டுச் சோதனை

உள்ளுணர்வு என்னும் சொல்லைப் பொதுமக்களிடையே பரவச் செய்தது 1997ஆம் ஆண்டின் அயோவா ஆய்வு. அந்தோயின் பெஷாரா, ஹன்னா டமாசியோ, டேனியல் ட்ரனெல், அந்தோனியோ டமாசியோ ஆகியோர் நான்கு சீட்டுக் கட்டுகளைப் பங்கேற்பாளர்முன் வைத்தனர். இரண்டு கட்டுகளில் வரவு பெரிது; இழப்பு அதனினும் பெரிது. ஏனைய இரண்டில் வரவு சிறிது, இழப்பும் சிறிது, நீண்டகாலத்தில் ஊதியம் தருபவை இவையே. ஆட்டத்தின் இடையிடையே, நடப்பது யாது என்று பங்கேற்பாளர்களிடம் வினவப்பட்டது. அவர்களின் தோலின் மின்கடத்தலும் அளக்கப்பட்டது.

தீய கட்டை நோக்கிக் கை நீளும் முன்னரே தோலில் மாற்றம் தோன்றிற்று. அப்போது அவர்களால் காரணம் எதையும் கூற இயலவில்லை. ஏறத்தாழ 50 சீட்டுகளுக்குள் ஏதோ ஒரு மன உறுத்தல் சொல்லாக வெளிப்பட்டது. 80 சீட்டுகளை எட்டும்போது பத்துப் பேருள் எழுவர் ஆட்டத்தின் தன்மையை விளக்கினர். விளக்கம் கூற இயலாத ஏனைய மூவரும் நல்ல கட்டுகளையே தேர்ந்தனர். நெற்றிப்பகுதி மூளை பழுதுபட்டவர்கள் அறுவருள் மூவர் ஆட்டத்தைச் சரியாக விளக்கினர். எனினும் தீய கட்டுகளையே நாடினர். சர்க்கரை ஆலையில் கண்ட பிளவு இங்கே மனித வாழ்வுக்கு நெருக்கமான வடிவில் வெளிப்பட்டது எனலாம்.

ஆயினும் 2004இல் டியாகோ மாயாவும் ஜேம்ஸ் மெக்லெலண்டும் இதே சோதனையை நுட்பமான வினாக்களுடன் மீண்டும் நிகழ்த்தினர். ஒவ்வொரு கட்டும் எத்துணை நல்லது, அதில் எவ்வளவு வரவை எதிர்பார்க்கிறீர் என விரிவாகக் கேட்டபோது, நல்ல கட்டை நாடியவர்கள் பெரும்பாலும் அதற்கான அறிவை நனவிலும் கொண்டிருந்தனர். முன்னைய ஆய்வில் மன உறுத்தலாகத் தோன்றியது, பொதுப்படையான வினாவின் விளைவாக இருக்கக்கூடும் என்பது தெளிவாயிற்று. ஷாங்க்ஸ் வகுத்த இரண்டாம் அளவுகோலின் பொருள் இதுவே.

அறிவின் இரண்டு அடுக்குகள்

இவ்விவாதம் முடிவின்றி நீண்டமைக்குக் காரணம், அறிவு நனவில் உள்ளது அல்லது இல்லை என்னும் இருமைப் பார்வையே என நாம் கருதுகிறோம். அதனை நெகிழ்த்தியவர் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோல்டான் டீனெஸ். 1995இல் அவர் தம் உடன் ஆய்வாளர்களுடன் உறுதிப்பாட்டை அளவுகோலாக்கினார். ஊகமே என்று ஒருவர் கூறும் விடைகள் தற்செயல் அளவை மிஞ்சிச் சரியாக இருப்பின், தாம் அறிந்திருப்பதை அவர் அறியவில்லை என்பது பொருள். பியர்ஸின் சுழியம் இங்கே மறுபிறவி எடுத்தது.

2005இல் டீனெஸும் ரையன் ஸ்காட்டும் மேலும் நுட்பமான பாகுபாட்டைச் செய்தனர். இச்சரம் விதிக்கு உட்பட்டது என்பது முடிபறிவு. எக்காரணத்தால் உட்பட்டது என்பது அமைப்பறிவு. ஒவ்வொரு விடைக்குப் பின்னரும் அதன் அடிப்படையைப் பங்கேற்பாளரே குறிக்கச் செய்தனர். ஊகம் என்றால் இரண்டறிவும் நனவில் இல்லை. விதி அல்லது நினைவு என்றால் இரண்டும் நனவில் உள்ளன. உள்ளுணர்வு என்றால் முடிபறிவு நனவில் உள்ளது, அமைப்பறிவு இல்லை. சரி என்று தெரியும், ஏன் என்று தெரியாது என்னும் நிலைக்கு இதனால் துல்லியமான வரையறை கிடைத்தது. சோதனையின்போது வேறொரு பணியால் கவனம் சிதறியபோது, விதியையும் நினைவையும் பற்றிய விடைகளே பாதிக்கப்பட்டன. உள்ளுணர்வு விடைகள் அவ்வாறு பாதிக்கப்படவில்லை. எனவே இப்பாகுபாடு வெறும் சொல் வேறுபாடன்று என்று கொள்ள இடமுண்டு.

2012இல் சீன ஆய்வாளர்கள் டீனெஸுடன் இணைந்து, தாங் காலக் கவிதைகளின் தொனி ஒழுங்கை ஆராய்ந்தமை இலக்கியத் துறையினர் கவனத்துக்குரியது. முற்பாதியில் சமன்தொனி நின்ற இடத்தில் பிற்பாதியில் சாய்தொனியும், சாய்தொனி நின்ற இடத்தில் சமன்தொனியும் வரும் ஒழுங்கு அது. அடுத்தடுத்த எழுத்திணைகளை மட்டும் கற்று இதனை உணர இயலாது. பங்கேற்பாளர்கள் இதனைக் கற்றனர். காரணத்தைச் சொல்லாக்க இயலாத நிலையிலேயே கற்றனர். தளை பிறழ்ந்த வெண்பாவைக் கேட்டவுடன் ஓசை தட்டுகிறது என்று முகம் சுளித்து, பின்னரே சீரைப் பிரித்துப் பிழையைக் காணும் தமிழாசிரியரின் நிலையும் இத்தகையதே.

அளவீட்டுச் சிக்கல் இதனோடு தீர்ந்துவிடவில்லை. 2007இல் பெர்சாட், மெக்லவுட், கோவி ஆகியோர் உறுதிப்பாட்டைச் சொல்லால் கேட்பதற்கு மாற்றாக, விடையின்மீது பணயம் வைக்கச் செய்தனர். 2010இல் டீனெஸும் அனில் சேத்தும் இழப்புக்கு அஞ்சும் இயல்பே பணயத்தைக் குறைக்கலாம் என்று எச்சரித்தனர். 2016இல் வதில்லோ, கான்ஸ்டன்டினிடிஸ், ஷாங்க்ஸ் ஆகியோர், நனவறிவு இல்லை என்று காட்டிய பல ஆய்வுகளில் பங்கேற்பாளர் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதைப் புள்ளியியல் வழி நிறுவினர். சிறிய வலையில் மீன் சிக்காமை குளத்தில் மீன் இல்லை என்பதற்குச் சான்றாகாதன்றோ?

நனவறிவு எழும் நிலை

உள்ளுணர்வு நனவறிவாக மாறும் தருணத்தைப் பற்றிய ஆய்வுகளுள் 2004இல் வாக்னர், யான் பார்ன் முதலியோர் ஜெர்மனியில் நிகழ்த்தியது குறிப்பிடத்தக்கது. எண் வரிசைகளைப் படிப்படியாகச் சுருக்கி இறுதி விடை காணும் பணி அது. இறுதி விடை இரண்டாம் படியிலேயே வந்துவிடும் என்னும் மறைவிதி அதனுள் பொதிந்திருந்தது. பயிற்சிக்குப்பின் எட்டு மணி நேரம் உறங்கியவர்களுள் அவ்விதியைக் கண்டவர்கள், விழித்திருந்தவர்களைவிட இரு மடங்குக்கும் மேற்பட்டோர். புதிய பயிற்சி எதுவுமின்றியே, முன்பு பெற்றதன் மறு ஒழுங்கமைப்பால் நனவறிவு எழக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது. ஆயினும் உள்ளுணர்வு எப்போதும் நனவறிவாகக் கனியும் என்று கொள்வதற்கில்லை. அயோவா ஆய்வின் மூவரைப் போல, விளக்கம் எட்டாமலே சரியாகச் செயற்படுவோரும் உளர்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க முடிவுகள் சில. ஒருவரின் அறிவை ஒரே வினாவால் அளந்துவிட இயலாது. செய்கை, உறுதிப்பாடு, காரணம் ஆகிய மூன்றும் தனித்தனி வினாக்களை வேண்டுவன. உள்ளுணர்வு அறியாமையின் மறுபெயரன்று. அஃது அறிவின் ஒரு நிலை. அதே வேளையில் அது பிழையற்றதும் அன்று. காட்டப்பட்ட எடுத்துக்காட்டுகளின் ஒழுங்கையே அது ஏற்கும்; எடுத்துக்காட்டுகள் குறைவாகவோ பிழையாகவோ இருப்பின் உள்ளுணர்வும் அவ்வாறே அமையும்.

இவ்வாய்வுகள் பெரும்பாலும் எழுத்துச் சரங்களையும் ஒளிப்புள்ளிகளையும் கொண்டு நடந்தவை. இயற்கை மொழியின் வளம் அவற்றில் இல்லை. ஆகவே அவற்றை வகுப்பறைக்கு அப்படியே பொருத்துவது பொருந்தாது. எனினும், தமிழ்க் கல்வியாளர் ஓர் எச்சரிக்கையை இவற்றிலிருந்து ஏற்கலாம். வலிமிகும் இடங்களை வரிசையாக ஒப்பிக்கும் மாணவர் கட்டுரையில் அவற்றைத் தவறவிடுவதையும், விதி ஒன்றையும் கூறத் தெரியாத மாணவர் பிழையின்றி எழுதுவதையும் நாம் அறிவோம். விதியை மட்டும் கேட்கும் தேர்வு முன்னவருக்கு மிகுதியான மதிப்பெண்ணும் பின்னவருக்குக் குறைவான மதிப்பெண்ணும் வழங்குகிறது.

வீட்டில் தமிழ் ஒலிக்கும் அளவு குறைந்துவரும் மலேசிய, சிங்கப்பூர்ச் சூழலில் இவ்வேறுபாடு மேலும் கூர்மை பெறுகிறது. தாய்மொழியாளரின் செவி ஆயிரக்கணக்கான தொடர்களைக் கேட்டுப் பெற்ற ஒழுங்கை, பத்து விதிகளை மனனம் செய்வதால் மட்டும் ஈடுசெய்ய இயலுமா என்பது ஐயத்திற்குரியது. விதியைக் கற்பிப்பது தேவையே. விதி தங்குவதற்குக் கேட்டலும் படித்தலும் பேசுதலும் நிரம்பிய நிலம் வேண்டும். 'இத்தொடர் சரியாகத் தோன்றவில்லை. ஏன் என்று தெரியவில்லை' என்று ஒரு மாணவர் கூறும்போது, அதனைத் தெரியாமை எனத் தள்ளிவிடுதல் முறையன்று. அவரிடம் முடிபறிவு வந்துவிட்டது, அமைப்பறிவு வரவேண்டியுள்ளது. கற்பித்தல் தொடங்க வேண்டிய இடம் அதுவே.